பெட்டி மாட்டிய இடம்
பள்ளிகளில் வன்முறைத் தடுப்புத் திட்டங்கள் தோற்பதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லாததே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. நான் பணியாற்றிய அரசு மேல்நிலைப் பள்ளியில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குறித்த பயிற்சியை ஏறக்குறைய எல்லோருமே முடித்திருந்தோம். ஆயினும் பிள்ளைகள் தங்கள் புகார்களைச் சீட்டில் எழுதிப் போடுவதற்கான ‘மாணவர் மனசு’ பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலிலேயே, எழுத்தர் மேசைக்கு நேரெதிரே மாட்டப்பட்டிருந்ததால், திறக்கும்போதெல்லாம் அதில் மிட்டாய்த் தாள்களும் ஒருமுறை ஒரு குளவிக் கூடும்தான் கிடைத்தன. சிறு தவறுக்கும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லி முன்னே நிறுத்திவைக்கும் வழக்கமுள்ள இடத்தில் எந்தப் பிள்ளை துணிந்து சீட்டுப் போடும்? புதிதாக வந்த தலைமையாசிரியை அந்த வழக்கத்தை நிறுத்தி, பெட்டியை நூலக அறைக்கு மாற்றி, மூத்த மாணவர்கள் பேருந்தில் தன்னை அடிப்பதாக எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய முதல் சீட்டை யாருக்கும் காட்டாமல் விசாரித்து முடித்த பிறகுதான், சுவரில் நெடுநாளாக எழுதியிருந்த 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் எதற்கென்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினர். கண்காணிப்புக் கேமரா பொருத்தினாலே போதும் என்று மேலே கருத்திட்டுள்ள நண்பர், எங்கள் பள்ளியில் கேமரா முன்பே இருந்தது என்பதையும், அது அந்தப் பெட்டியைப் பார்த்தே திருப்பப்பட்டிருந்தது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.