45 நிமிடம் என்று எழுதியவர் கொஞ்சம் முன்னால் வரவும்

உருளைக்கிழங்கு கிராத்தானா? கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்குங்கள், க்ரீமை ஊற்றுங்கள், மேலே சீஸைத் தூவி 180 டிகிரியில் 45 நிமிடம் ஓவனில் வையுங்கள், அவ்வளவுதான், தயார்! இப்படி எழுதுகிறவர்களில் ஒருவராவது அந்த 45வது நிமிடத்தில் பாத்திரத்தின் நடுவில் ஒரு கத்தியை விட்டுப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் கத்தி பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கும். மேலே பொன்னிறம், ஓரமெல்லாம் குமிழ் குமிழாகக் கொதிப்பு, வீடு முழுக்க வாசனை, உள்ளே நறுக்நறுக்கென்று பச்சைக் கிழங்கு. மேலே இருக்கும் அழகைப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், உள்ளே இருப்பதைச் சாப்பிட வேண்டியவர்கள் நாம்.

அந்தப் பதார்த்தத்தின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சரியாக வந்தால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இது தொட்டுக்கொள்ளத்தான், முக்கியமான சாப்பாடு வேறு ஒன்று பக்கத்தில் தயாராகிக் கொண்டிருக்கும். நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் அதை அடுப்பில் ஏற்றுகிறோம். அது வெந்து, ஆறி, காய்ந்து போன பிறகும் இந்த மகாராஜா ஓவனுக்குள் வேகாமல் உட்கார்ந்திருப்பார். மேஜையில் இருப்பவர்கள் "வாசனை பிரமாதமா இருக்கே" என்பதை மூன்றாவது முறையாகச் சொல்லும்போது அது பாராட்டு இல்லை, பசி.

சரி, ஏன் வேகவில்லை? ஓவன் 180 டிகிரி என்றால் கிழங்கும் 180 டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தமா? க்ரீமில் தண்ணீர் இருக்கும் வரை அது ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீம், பச்சைக் கிழங்கு, கனமான பீங்கான் பாத்திரம், இது மூன்றும் சூடாகி முடிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து 60, 70 டிகிரியிலேயே ஊறி உப்பிவிடுகிறது, ஆனால் வில்லை மெத்தென்று ஆக வேண்டுமானால் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் தளர வேண்டும், அதற்கு 85 டிகிரிக்கு மேல், அதுவும் கணிசமான நேரம் வேண்டும். போதாக்குறைக்குப் பாலில் இருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இதில் சில புண்ணியவான்கள் "புளித்த க்ரீம் சேர்த்தால் சுவை கூடும்", "கொஞ்சம் வெள்ளை வைன் விடுங்கள்" என்று வேறு ஆரம்பித்துவிடுகிறார்கள். புளிப்பு பட்டால் காய் வேகாது என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும், செய்முறை எழுதுகிறவர்களைத் தவிர.

எனக்கு ஒரு பலமான சந்தேகம் உண்டு. இந்த 45 என்ற எண் பொய்யாகப் பிறந்திருக்காது. நறுக்கிய கிழங்கை முதலில் க்ரீமிலோ பாலிலோ போட்டு, அடுப்பில் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டோடு பாத்திரத்துக்கு மாற்றி ஓவனில் வைத்தால் 40, 45 நிமிடத்தில் அருமையாக வெந்துவிடும். அது உண்மையான கணக்கு. யாரோ ஒருவர் "இன்னொரு பாத்திரம் கழுவ வேண்டுமே, மக்கள் பயப்படுவார்கள்" என்று அந்தப் படியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்க வேண்டும். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர், யாரும் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. பச்சையாக அடுக்கினால் ஓவனில் மட்டும் ஒன்றேகால் மணி, ஆழமான பாத்திரம் என்றால் ஒன்றரை மணி. அதற்குள் மேலே சீஸ் கருகிவிடும், ஆகவே முதலில் ஃபாயில் போட்டு மூடி, கடைசி 20 நிமிடம் மட்டும் திறக்க வேண்டும். இந்த ஃபாயில் விஷயமும் பாதிச் செய்முறைகளில் கிடையாது. இருப்பவற்றிலும் "விருப்பமிருந்தால்" என்று போட்டிருக்கிறார்கள். விருப்பமா? கிழங்கு வேக வேண்டும் என்பது என் விருப்பமா?

"தயாரிப்பு நேரம் 10 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்றரைக் கிலோ கிழங்கைக் கழுவி, தோல் சீவி, எல்லாம் ஒரே மாதிரி 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்க 10 நிமிடமாம். சிப்ஸ் சீவும் கட்டை வைத்திருந்தாலும் விரலைக் காப்பாற்றிக்கொண்டு நிதானமாகத்தானே சீவ முடியும்? கத்தி என்றால் ஒன்று காகிதம் மாதிரி, ஒன்று கட்டை மாதிரி விழும், கட்டையாக விழுந்தது கடைசி வரை வேகாது.

அடுத்து இதைக் கேளுங்கள். "நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் போட்டு நன்றாக அலசுங்கள்" என்று இரண்டாவது வரியில் இருக்கும். ஆறாவது வரியில் "க்ரீம் கெட்டியாவதற்கு இரண்டு ஸ்பூன் மைதா சேருங்கள்" என்று இருக்கும். அட, கெட்டியாக்குவதற்கென்று கிழங்கே கொண்டுவந்த மாவைத்தானே நீங்கள் சற்றுமுன் சிங்க்கில் கொட்டச் சொன்னீர்கள்! பொரிக்கும்போது மொறுமொறுப்புக்காக அலசுவது நியாயம். இங்கே அந்த மாவுதான் க்ரீமைப் பிடித்து வைக்கிற ஒரே சாமான். அலசாமல் போட்டால் மைதாவே வேண்டாம். எந்தக் கிழங்கு என்பதையும் சொல்வதில்லை. வெந்தால் மாவாகக் குழையும் வகைதான் இதற்குத் தோது, எவ்வளவு வெந்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கும் வகையைப் போட்டால் க்ரீம் தனியாக, கிழங்கு தனியாக ஓடும்.

க்ரீம் இல்லையென்றால் கொழுப்பு நீக்கிய பாலே போதும் என்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கும் க்ரீம் எவ்வளவு கொதித்தாலும் லேசில் திரியாது, அதில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. கொழுப்பில்லாத பால் ஒரு மணி நேரம் ஓவனில் கிடந்தால் திரிந்து, திப்பி திப்பியாக, கீழே மஞ்சள் தண்ணீரோடு வெளியே வரும். சீஸும் அப்படித்தான், "உங்களுக்குப் பிடித்த எதுவானாலும்" கிடையாது. நாள்பட்ட செடார் அதிகச் சூட்டில் புரதம் இறுகி எண்ணெயைக் கக்கிவிடும், மொஸரெல்லா மட்டும் போட்டால் போர்வை மாதிரி ஒரே தகடாக எழுந்து வரும். க்ரூயேர் போல நன்றாக உருகும் ஒன்று வேண்டும், அதையும் கட்டியாக வாங்கி நாமே துருவ வேண்டும். துருவிப் பையில் விற்பதில் ஒட்டாமலிருக்க மாவோ செல்லுலோஸோ பூசியிருப்பார்கள், அது சொரசொரப்பாகத்தான் உருகும்.

இந்த இடத்தில் யாராவது வந்து "அசலில் சீஸே கிடையாது, தெரியுமா" என்பார்கள். தெரியும். பிரான்சின் தோஃபினே பகுதியில் இதற்கு மூத்த உறவான கிராத்தான் தோஃபினுவா பச்சைக் கிழங்கு, க்ரீம், பூண்டோடு முடிந்துவிடும் என்பதும், 1788 ஜூலையில் காப் என்ற ஊரில் அதிகாரிகளுக்கு வைத்த விருந்தில் அது பரிமாறப்பட்டதாகக் குறிப்பு இருப்பதும் தெரியும். அங்கே அதைக் குறைந்த சூட்டில் நிதானமாக வேகவிடுவார்கள். சீஸ் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், என் சண்டை கடிகாரத்தோடு.

வேகவில்லையே என்று கேட்டால் மட்டும் "உங்கள் ஓவனில் கோளாறு இருக்கலாம்" என்று தயாராக ஒரு பதில். இருக்கட்டுமே! வீட்டு ஓவன்கள் 10, 20 டிகிரி முன்னே பின்னே ஓடுவது சகஜம்தான். அதனால்தானே நிமிடத்தை மட்டும் எழுதாமல் "நடுவில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும் வரை" என்று எழுத வேண்டும்? அப்புறம், வெளியே எடுத்ததும் 15 நிமிடம் அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் கெட்டிப்படாமல் தட்டில் ஆறாக ஓடும். அந்த 15 நிமிடமும் எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள். உரித்து நறுக்க அரை மணி, அடுப்பில் 10 நிமிடம், ஓவனில் முக்கால் மணி, ஆற 15 நிமிடம், மொத்தம் ஒரு மணி 40 நிமிடம். அடுப்பு வேலையைத் தவிர்த்தால் குறைந்தது இரண்டு மணி நேரம். இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு நேரமா" என்று ஓடுபவர் ஓடட்டும், அவருக்கு அவித்த கிழங்கும் ஒரு துண்டு வெண்ணெயும் போதும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.