கார்வெண்டலில் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது

ஆல்ப்ஸ் மலைக்கு ட்ரெயில் (மலைப்பாதை ஓட்டம்) ஓடப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். சாலையில் அது சரியான கேள்வி. மலையில் அதைவிடத் தவறான கேள்வி கிடையாது.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் உள்ள கார்வெண்டல் இயற்கைப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அந்த நாட்டின் இயற்கைப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1928-லிருந்தே பாதுகாக்கப்பட்ட பகுதி. மேற்கே ஷார்னிட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஆகன்சே ஏரிக்கரையில் இருக்கும் பெர்டிசாவ் வரை இந்த மலையைக் குறுக்கே கடந்தால் 52 கி.மீ. ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் கார்வெண்டல்மார்ஷ் ஓட்டத்துக்கும் இதே தடம்தான். மாரத்தானைவிட 10 கி.மீ. கூடுதல், அவ்வளவுதானே என்று தோன்றும். வழியில் ஏற வேண்டிய மொத்த உயரம் 2,281 மீட்டர். 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று சேர்த்துக்கொள்வது மலை ஓட்டக்காரர்களின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் இது 75 கி.மீ. ஓட்டம்.

அந்தக் கணக்கும் பாதி உண்மைதான். ஏற்றம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே வருகிறது என்பது முக்கியம். ஷார்னிட்ஸ் 964 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1,771 மீட்டரில் உள்ள கார்வெண்டல்ஹவுஸ் விடுதி வரை ஏறக்குறைய 18 கி.மீ. காட்டுச் சாலை, சரிவும் மிதமானது. காலைக் குளிர், புதுக் கால், கண்ணுக்கு நல்ல பாதை. எல்லோரும் இங்கேதான் வேகமாக ஓடிக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு 1,399 மீட்டருக்கு இறங்கி, ஃபால்கன்ஹூட்ட விடுதிக்காக மறுபடி 1,848-க்கு ஏற வேண்டும். லாலிடர் பாறைச் சுவர்களின் அடியில் சரளைக்கல் சரிவைக் கடந்து ஹோல்யோக் கணவாய். அங்கிருந்து எங் என்ற மேய்ச்சல் கிராமத்துக்கு ஒரே இறக்கம், 570 மீட்டர். இதுவரை 35 கி.மீ.

தடத்திலேயே உயரமான இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எங் 1,227 மீட்டர், பின்ஸ் கணவாய் 1,903 மீட்டர். அந்த இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடித்துப் பிடித்துத் துவண்டிருக்கும். அதே தொடையோடு 676 மீட்டர் ஏற வேண்டும்.

கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பும் ஒருவர், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற சாலைப் பழக்கத்தில் கணக்குப் போட்டால் 9:30-க்கு எங்கில் இருப்பார். நடைமுறையில் சராசரி ஓட்டக்காரருக்கு அங்கே மதியம் 12 ஆகிவிடும். கணவாய் உச்சிக்குப் போகும்போது ஒன்றரை, இரண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலையில் இடி மேகம் திரளும் நேரம் அதுதான். காலையில் துடைத்துவிட்டாற்போல் இருந்த வானம் பிற்பகலில் கறுக்கும். மரமில்லாத கணவாயில் கையில் உலோக ஊன்றுகோலோடு நிற்பதற்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. ஆக, கிலோமீட்டர் கணக்கு உங்களைத் தாமதமாக்குவதோடு நிற்காது, மின்னல் விழும் நேரத்தில் மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தும்.

அதனால் தெரிந்துகொள்ள வேண்டிய எண் வேறு: ஒரு மணி நேரத்தில் நீங்கள் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவீர்கள்? நடைப்பயணிகளுக்கான வழக்கமான கணக்கில் மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதளத்தில் 4 கி.மீ. உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுவார்கள். எங்கிலிருந்து பின்ஸ் கணவாய் சுமார் 4 கி.மீ. உயரத்துக்கு 2 மணி 15 நிமிடம், தூரத்துக்கு ஒரு மணி. ஆக 2 மணி 45 நிமிடம். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் இதைப் பாதியாகக் குறைக்கலாம். உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க மலை வேண்டியதில்லை. ட்ரெட்மில்லை 15 சதவீதச் சரிவில், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் வைத்தால் மணிக்கு 600 மீட்டர் ஏறுகிறீர்கள். கைப்பிடியைத் தொடாமல் ஒரு மணி நேரம் தாங்குகிறதா, அதுவும் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கவில்லை என்றால் எங்கோடு முடித்துக்கொள்ளும் 35 கி.மீ. தடம் இருக்கிறது. அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏற்றத்தில் நடப்பதை அவமானமாக நினைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. செங்குத்தான பாதையில் ஓடுவதும் விரைந்து நடப்பதும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தராது, இதயத் துடிப்பில்தான் தரும். மடக்கு ஊன்றுகோல்கள் இங்கே காலின் வேலையைக் கொஞ்சம் குறைக்கும். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் போதும். இறக்கத்தில் நீண்ட அடி வைத்துக் குதிகாலால் ஊன்றாதீர்கள். அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, பார்வையை ஐந்தாறு காலடி தூரம் முன்னே வையுங்கள்.

ஷூ விஷயத்தில் எல்லோரும் அடிப்பகுதிப் பற்களின் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள். கார்வெண்டல் சுண்ணாம்புப் பாறை. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்து மழமழப்பான கல், மழையில் சோப்புக்கட்டிதான். அங்கே பற்கள் உதவாது, மென்மையான ரப்பர்தான் பிடிக்கும். 4 மி.மீ. பற்கள் போதும், சரளையில் கல் குத்தாத அடித்தகடு இருந்தால் நல்லது. இதே சுண்ணாம்புப் பாறைதான் தண்ணீருக்கும் எதிரி. மழைநீர் பிளவுகளில் இறங்கி மறைந்துவிடும். வரைபடத்தில் நீலக்கோடாகத் தெரியும் ஓடை கோடையில் வெறும் கற்படுகையாக இருக்கலாம். ஒன்றரை லிட்டர் கொள்ளளவு வேண்டும், ஒவ்வொரு விடுதியிலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாடு மேயும் சரிவுக்குக் கீழே ஓடும் நீரை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குடிக்க வேண்டாம்.

மாடு என்றதும் நம் ஆட்களுக்குப் பயம் வராது. வர வேண்டும். கோடை முழுக்கக் கன்றோடு திறந்த வெளியில் இருக்கும் பசு, வேகமாக நெருங்கும் எதையும் தாக்க வருவதாகத்தான் பார்க்கும். 2014-ல் இதே டிரோலின் ஸ்டுபாய் பகுதியில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்ணைப் பசுக்கள் மிதித்துக் கொன்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மந்தையைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, நடந்து, சுற்றிப் போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாதீர்கள். நீங்கள் திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள்.

சுற்றிப் போகலாம் என்றது மந்தைக்கு மட்டும். கொண்டை ஊசி வளைவுகளை நேர்கோட்டில் வெட்டி இறங்குவதை என்னால் மன்னிக்கவே முடியாது. மிச்சமாவது சில நொடிகள். புல்தோல் கிழிந்த அந்தக் கோட்டைப் பிடித்து மழைநீர் இறங்கும், அடுத்த ஆண்டு அது வாய்க்கால், அதற்கடுத்து அசல் பாதையே சரியும். மரங்கள் வளரும் உயர எல்லைக்கு மேலே புல் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். விலங்குகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாதையில் மனிதர் வருவது ஷமுவா மலையாட்டுக்குப் பழகிவிடும். பாதையை விட்டு வருபவரைக் கண்டால்தான் அது பதறி ஓடும்.

பையில் காற்று, மழை தாங்கும் சட்டை கட்டாயம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும். பெர்டிசாவில் 20 டிகிரி என்றால் கணவாயில் 14, அதுவும் வியர்த்த உடம்போடு. அலுமினியப் போர்வை, தலைவிளக்கு, விசில். விசிலில் ஆபத்துச் சைகை நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஆஸ்திரிய மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112.

இன்னொன்று, எங்கில் நிறுத்திவிடலாம் என்று இருப்பவர்களுக்கு. அந்தக் கிராமம் ஆஸ்திரியாவில்தான் இருக்கிறது. ஆனால் வெளியேறும் ஒரே சாலை வடக்கே ஹின்டர்ரிஸ் வழியாக ஜெர்மனிக்குள் போகிறது. டிரோலின் தலைநகர் இன்ஸ்ப்ரூக்கில் அறை எடுத்திருப்பவர் நாட்டைத் தாண்டிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். கடைசிப் பேருந்து நேரத்தை ஷார்னிட்ஸில் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டும் கொஞ்சம் யூரோ ரொக்கமும் நீர் புகாத உறையில் இருக்கட்டும்.