ஜெரோ வேஷம் கட்டியவர் அல்ல

"ஜெரோவுக்கும் ஜப்பானுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பாட்டு கம்பெனி தொப்பியை மாட்டிவிட்டு என்கா பாட வைத்தது" என்று பாடகர் ஜெரோவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். என்கா என்பது ஜப்பானியரின் பழைய பாணி உருக்கமான பாட்டு. அவர் சொன்னது தவறு.

ஜெரோ 1981இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்த கறுப்பினத்தவர், சரி. ஆனால் அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி யோகோஹாமாக்காரர். அமெரிக்கச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். பாட்டி வீட்டில் ஓடிய என்காவைக் கேட்டுத்தான் பேரன் சின்ன வயதிலேயே பாட ஆரம்பித்தார். கல்லூரி முடித்து 2003இல் ஜப்பான் போனவர், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், கம்ப்யூட்டர் வேலையும் பார்த்தார். முதல் பாட்டு வந்ததே 2008இல்தான். அது ஜப்பானின் பாட்டு விற்பனைத் தரவரிசையான ஓரிகான் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு ஜப்பான் ரெக்கார்டு விருதில் சிறந்த புதுமுகம்.

தொப்பியும் தொளதொள சட்டையும் விற்பனைக்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக் கடைசியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் கோஹாகு என்ற பாட்டு நிகழ்ச்சி மேடையில் பாடுவேன் என்று பாட்டிக்குக் கொடுத்த வாக்கு எந்தக் கம்பெனியும் எழுதிக்கொடுத்த வசனமல்ல. பாட்டி 2005இலேயே இறந்துவிட்டார். 2008 கோஹாகுவில் அவர் முகம் அச்சிட்ட சட்டையோடுதான் பேரன் பாடினார்.