மறுபடியும் கைப்பம்ப்

நம்ம பழைய டீசல் பிக்கப்பை காலையில கிளப்பணும்னா, டேங்க்ல இருந்து டீசலை இழுத்து அனுப்புற ஃபீட் பம்ப்ல இருக்கிற கைப்பம்பை 40 தடவை அமுக்கணும். "பேட்டரி வீக்குண்ணே"ன்னார் மெக்கானிக். மாத்தினேன். "ஃபில்டர் அடைப்பு"ன்னார். அதையும் மாத்தினேன். அடுத்து எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில்ல கை வைக்கப் போனார்.

கெஞ்சிக் கூத்தாடி, 5 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, டியூபை நேரா ஃபீட் பம்ப்ல சொருகச் சொன்னேன். அப்பவும் அதே இழுவை. ஆக, டேங்க் லைன் மேல தப்பில்ல. பம்ப்தான்.

புதுசு மாட்டி, ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி அமுக்கினா, உள்ளே சிக்கின காத்து நுரை நுரையா வந்துச்சு. டீசல் தெளிஞ்சதும் ஒரே செல்ஃப், பிடிச்சுக்கிச்சு. மறுநாள் காலையில மறுபடியும் கைப்பம்ப்! பம்ப்ல பைப் சேர்ற இடத்துல, நசுங்கிப்போன பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டிருக்கார் மகராசன். அது வழியா காத்து இழுக்குது.