பிறகு மாட்டிக்கொள்ள முடியாத குறைகள்

மகேந்திராவின் பிஇ 6 மின்வண்டியை வாங்கலாமா என்று கேட்டு எனக்கு வரும் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. ஸ்டெப்னி இல்லை. கண்ணாடிக் கூரைக்குத் திரை இல்லை. நாலு வீல் டிரைவ் இல்லை. ஏசிக்குப் பட்டன் இல்லை. கூடவே, "இருபத்தஞ்சு லட்சம் குடுத்தும் இதெல்லாம் இல்லாம எதுக்கு?" என்ற கேள்வி. மறுபக்கம் வண்டி வாங்கியவர்கள், யார் எந்தக் குறையைச் சொன்னாலும் "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க" என்று பாய்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். முன்சீட்டில் மட்டுமில்லை, பின்சீட்டிலும் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இந்த வண்டி பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தக் குறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். வாங்கிய பிறகு இதை நானாகச் சரிசெய்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் அது வெறும் செலவுக் கணக்கு. முடியாது என்றால் அடுத்த பத்து வருடம் அதோடுதான் குடித்தனம். நாம் போடும் சண்டையில் பாதி முதல் வகைக் குறைகளைப் பற்றியே நடக்கிறது. இரண்டாவது வகையை ஷோரூமில் யாரும் கவனிப்பதே இல்லை.

கண்ணில் படாத இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் பொறியியல் வேலையில் பெரும்பங்கு செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் அவர்களுடைய ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. 2024 நவம்பர் 26 அன்று இதையும் இதன் அண்ணன் எக்ஸ்இவி 9இ-யையும் சென்னையில்தான் அறிமுகப்படுத்தினார்கள். உற்பத்தி புனே பக்கம் சாக்கனில். பெட்ரோல் வண்டியின் அடித்தளத்தில் பேட்டரியைத் திணிக்காமல், மின்வண்டிக்கென்றே இங்லோ என்ற அடித்தளத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 31.97. குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 45. பேட்டரி எல்எஃப்பி ரகம், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சூட்டைத் தாங்கும், சட்டென்று தீப்பிடிக்காது, பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம். தனிநபர் பெயரில் வாங்கும் முதல் உரிமையாளருக்கு அதன்மேல் வாழ்நாள் வாரண்டி. கைமாறினால் 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர்.

இதில் எதையும் நம்மால் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஆகவே இதில் காசைக் கொட்டியது முழுக்கச் சரி.

ஆனால் இதே பேட்டரி வேறொரு இடத்தில் வாடகை கேட்கிறது. மற்ற லித்தியம் பேட்டரிகளைவிட எல்எஃப்பி பேட்டரி அதே அளவு மின்சாரத்துக்கு அதிக எடை, அதிக இடம் பிடிக்கும். 79 யூனிட் (கிலோவாட் அவர்) கொள்ளும் பெரிய பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பினால் தரை உயரும். காற்றைக் கிழித்துப் போக வேண்டும் என்பதால் கூரை பின்னால் போகப் போகத் தாழும். தரைக்கும் கூரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பின்சீட்டுக்காரர்.

உட்கார்ந்து பாருங்கள், புரியும். கால் வைக்கும் இடம் உயரமாக இருப்பதால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்கிறது. தொடையின் முன்பாதிக்குச் சீட்டின் தாங்கல் கிடைப்பதில்லை. அரை மணி நேரம் தெரியாது. விழுப்புரம் தாண்டும்போது இடுப்பு சொல்லும். ஜன்னலின் அடிவிளிம்பு மேலே ஏறிப் போகிறது, கண்ணாடி சுருங்கிப் போகிறது. ஆறு வயதுக் குழந்தையை அங்கே உட்காரவைத்தால் அதற்கு வெளியே வானமும் மரக்கிளையும் தெரியும், சாலை தெரியாது. ஏற்காடு ஏறும்போது வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்கதவின் கைப்பிடியையும் பாருங்கள். அது கதவின் நடுவில் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால், மேல்மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கையில் பை, இன்னொரு கையில் தடி என்று வரும் பாட்டி எப்போதும் கை வைக்கும் உயரத்தில் அங்கே ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு எட்டவும் எட்டாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் இறங்கிப் போய்த் திறந்துவிட வேண்டும்.

இந்த மூன்றும், அதாவது தரை உயரம், ஜன்னல் அளவு, கைப்பிடி இருக்கும் இடம், எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாதவை. சாஃப்ட்வேர் அப்டேட்டிலும் வராது. யூட்யூப் விமர்சனங்களில் இவற்றுக்கு அரை நிமிடம். கூரைக்குள் எரியும் விளக்குக்கு மூன்று நிமிடம்.

கூரையையே எடுத்துக்கொள்வோம். விலை கூடிய வகைகளில் வரும் பெரிய கண்ணாடிக் கூரை திறக்காது, இழுத்து மூடத் திரையும் கிடையாது. கண்ணாடியிலேயே சூட்டைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ஒரு மணிக்கு வேலூர் பேருந்து நிலையம் எதிரில் வண்டியை நிறுத்தி வைத்திருந்து ஏறுகிறவனுக்குப் பூச்சு போதாது, திரை வேண்டும். வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கினால் ஏசி கூடுதலாக ஓடும், ஏசி கூடுதலாக ஓடினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரம், குறையும். நம் ஊர் வெயிலில் நின்று வேலை பார்க்கும் பொறியாளர்கள் இருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இந்த முடிவு எப்படி வெளியே வந்தது என்பது எனக்கு உண்மையாகவே புரியவில்லை. கண்ணாடியில் கோலம் போடும் விளக்குக்குக் கொடுத்த காசில் ஒரு துணித்திரையை வைத்திருக்கலாம். ஆனாலும், வெளிச்சந்தையில் அளவெடுத்துத் தைத்த திரை கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் முடிந்தது. கோபப்படுங்கள், ஆனால் இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஸ்டெப்னி விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020 ஜூலையிலேயே விதியைத் திருத்திவிட்டது. பல நிறுவனங்கள் அந்த வழியில் போகின்றன. எடை மிச்சம், இடம் மிச்சம், செலவு மிச்சம். மின்வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்பதும் உண்மை. ஆணி குத்தினால் கிட்டில் இருக்கும் திரவத்தை ஏற்றிக் காற்றடித்துப் பக்கத்து ஊர் வரை போய்விடலாம். ஆணி என்றால் சரி.

என்னுடைய பழைய வண்டியில் தொழுதூர் தாண்டி ஒரு ராத்திரி, சாலை வேலைக்காகப் போட்டிருந்த கான்கிரீட் தடுப்பின் முனை டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. நான்கு விரல் நீளக் கிழிசல். ஸ்டெப்னி இருந்ததால் மொபைல் வெளிச்சத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் டயர்க் கடை அண்ணன் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "சைடுல கிழிஞ்சா ஒட்டும் நிக்காது, மருந்தும் நிக்காது தம்பி, தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அந்த இடத்தில் 19 இன்ச் டயர் போட்ட ஒரு வண்டி ஸ்டெப்னி இல்லாமல் நின்றிருந்தால்? அந்த அளவு டயரை ராத்திரியில் எந்த ஊர்க் கடை இருப்பில் வைத்திருக்கும்? ரிகவரி வண்டி வரும் வரை குடும்பத்தோடு சாலையோரம் காத்திருக்க வேண்டியதுதான்.

தனியாக ஒரு சக்கரம் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அதற்கென்று தரைக்குக் கீழே குழி இல்லாததால் 455 லிட்டர் டிக்கியில் சாமான் வைக்கும் இடத்தையே அது தின்றுவிடும். முன்னால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் 45 லிட்டரில் சார்ஜர் கேபிளும் செருப்புப் பையும் வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே இது பாதி சரிசெய்யக்கூடிய குறை. சென்னைக்குள்ளேயே ஓட்டுபவருக்கு ஒன்றுமில்லை. தென்காசிக்கும் நாகர்கோவிலுக்கும் ராத்திரிப் பயணம் போகிறவர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

ஏசியின் வெப்பநிலையையும் காற்று வேகத்தையும் டச் ஸ்கிரீன் திரையில் தொட்டு மாற்றும் ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. பட்டன் என்றால் விரல் தடவியே கண்டுபிடிக்கும், கண் சாலையில் இருக்கும். திரை என்றால் குழியும் குண்டுமான சாலையில் விரல் ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். வாய்ஸ் கமாண்ட் இருக்கிறது என்பது பதில் இல்லை. பின்னால் குழந்தை அழும்போது வண்டியோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத வண்டிகளுக்கு மதிப்பெண்ணில் கை வைக்கிறது. மறைந்திருக்கும் கதவுப் பிடிகளைக் கட்டுப்படுத்தச் சீன அரசு 2025-ல் வரைவு விதி வெளியிட்டது. இந்த மோகம் ஆரம்பித்த ஊர்களிலேயே பட்டனுக்கும் பிடிக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் இப்போதுதான் அவர்கள் விட்ட இடத்துக்குப் போகிறோம்.

ஓட்டுநரையும் பக்கத்துச் சீட்டையும் பிரிக்கும் அந்தச் சுவர் மாதிரியான அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. போர் விமானம் ஓட்டும் உணர்வு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்தான் பாட்டு மாற்றுவார், ஏசி குறைப்பார், டோல்கேட் ரசீதை வாங்கி வைப்பார். திரை முழுக்க ஓட்டுநர் பக்கம் திரும்பியிருக்கும் வண்டியில் அவருக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நாலு வீல் டிரைவ் இல்லை என்ற புலம்பலை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெரிய பேட்டரி வகையில் 210 கிலோவாட் மோட்டார் பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. கொல்லிமலை வளைவுகளுக்கு அது தாராளம். எஸ்டேட் பாதையில் சேற்றில் தினமும் ஏறி இறங்குபவருக்கு டாடா ஹாரியர் மின்வண்டியில் இரட்டை மோட்டார் இருக்கிறது, அங்கே போகட்டும். மற்றவர்களுக்கு அது இல்லாததால் எடையும் விலையும் மிச்சம். எப்போதாவது வேண்டியிருக்கும் என்று வாங்கிவைக்கும் இரண்டாவது மோட்டாரை தினமும் சுமப்பது நம் பேட்டரிதான்.

ரேஞ்சில் ஏமாற்றம் என்பவர்களுக்கு: 79 யூனிட் பேட்டரிக்கு அவர்கள் சொல்லும் 680 சொச்சம் கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு. அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது. ஹைவேயில் ஏசி போட்டு 100-ல் போனால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 460 வருகிறது. சென்னையிலிருந்து மதுரை கிட்டத்தட்ட அவ்வளவுதான். யாரும் கடைசிச் சொட்டு வரை ஓட்டுவதில்லை, ஆகவே திருச்சியில் ஒரு நிறுத்தம். 20-லிருந்து 80 சதவீதம் 20 நிமிடத்தில் ஏறும் என்று விளம்பரம் சொல்வதற்கு 175 கிலோவாட் சார்ஜர் வேண்டும். வழியில் நமக்குக் கிடைப்பது 60 என்றால் அதே 47 யூனிட் ஏற முக்கால் மணி நேரத்துக்கும் மேல். 30 என்றால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டித் திட்டமிட்டால் இது குறையே இல்லை. அடித்துப் பிடித்து ஓடுகிறவருக்குப் பெரிய குறை. அறிமுக விலையில் வீட்டுச் சார்ஜர் சேரவில்லை என்பதையும் மறக்காதீர்கள். 7.2 கிலோவாட்டுக்கு 50 ஆயிரம், 11.2-க்கு 75 ஆயிரம் என்று வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டு மின் இணைப்பு அதைத் தாங்குமா என்று முன்பணம் கட்டும் முன்னாலேயே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். ஆரம்பத்தில் பெரிய பேட்டரி வேண்டும் என்றால் உச்ச வகையான பேக் த்ரீ-யைத்தான் வாங்க வேண்டியிருந்தது, 26.90 லட்சம். தூரம் போக ஆசைப்பட்டவன் விளக்குக் கூரையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் விலை குறைந்த பேக் டூ வகையிலும் 79 யூனிட்டைக் கொடுத்தார்கள், 23.50 லட்சத்துக்கு. என் பார்வையில் இந்த வண்டிக்கு வந்த ஆகச்சிறந்த மாற்றம் அதுதான். வாங்குகிறவர்கள் சத்தமாகக் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கூரை விளக்கைப் பற்றிப் பேசும் நேரத்தில் கூரைத் திரையையும் ஒரு மெல்லிய ஸ்டெப்னியையும் நாலு பட்டனையும் கேட்கலாம்.

என்னிடம் கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். தனியாகவோ ஜோடியாகவோ ஓட்டுகிறீர்கள், பின்சீட்டில் பெரும்பாலும் லேப்டாப் பைதான் போகும் என்றால் பிஇ 6 பேக் டூ, 79 யூனிட். வேறு யோசனையே வேண்டாம். அப்பா அம்மாவோடு ஊருக்குப் போய்வரும் வண்டி என்றால் அதே அடித்தளம், அதே 2,775 மில்லிமீட்டர் வீல்பேஸில் 663 லிட்டர் டிக்கியோடு வரும் எக்ஸ்இவி 9இ பேக் டூ-வைப் பாருங்கள், 2025 விலையில் மூன்று லட்சம் கூட. அதிலும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பிஇ 6 வைத்திருப்பவர்கள் யாராவது தனியாக ஒரு சக்கரம் வாங்கி டிக்கியில் வைத்திருந்தால், எந்த அளவு, எவ்வளவு செலவு, அதை வைத்த பிறகு எத்தனை பெட்டி உள்ளே போகிறது என்று படத்தோடு கீழே போடுங்கள். நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.