தனியாக நடந்தவள் தப்பு செய்தாளா?

அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பின்னூட்டங்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து வயதுப் பெண் தெருவில் தனியாக நடந்து போகிறாள். ஒருவர் பின்னாலேயே போய்ப் படம்பிடித்து, "பெற்றவளுக்கு அறிவிருக்கிறதா?" என்று போடுகிறார். நீங்களும் அக்கறையோடு பகிர்கிறீர்கள். முகம், சீருடை, தெரு எல்லாம் அதில் தெரிகிறது. அன்றைக்கு அவளுக்கு ஆபத்து வந்ததென்றால் அது அந்த செல்போனால் வந்ததுதான்.

கூடவே போவது மட்டும் பாதுகாப்பு இல்லை. தனியாகப் போகப் பழக்குவதும் பாதுகாப்புதான்.

என் மகள் நூலகத்துக்குத் தனியாகப் போகிறேன் என்றபோது உடனே அனுப்பிவிடவில்லை. முதலில் சேர்ந்து நடந்தோம். அப்புறம் அவள் முன்னால், நான் பின்னால். நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஏன் சாலையில் இறங்கக் கூடாது என்று அவள் உயரத்துக்குக் குனிந்து காட்டினேன். அங்கிருந்து பார்த்தால் வருகிற கார் தெரியாது, கார்க்காரருக்கும் அவள் தெரியமாட்டாள். தனியாகப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் வழியில் பள்ளம் தோண்டி அடைத்திருந்தார்கள். குழந்தையோடு வந்த ஓர் அம்மாவிடம் வேறு வழி கேட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உறவினர் என்னைப் பார்த்து, "உனக்குப் பிள்ளை மேல் பாசமே இல்லையா?" என்றார். இன்றும் அது ஆறவில்லை.

காலம் கெட்டுக் கிடக்கிறது என்பீர்கள். குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்தான். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது நின்றுவிடுமா? "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லவும், நடந்ததை நம்மிடம் வந்து சொல்லவும் தைரியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் நம் முகத்தையே பார்த்து வளரும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

சாலை விபத்து என்பவர்களின் பயம் நியாயமானது. 5 முதல் 29 வயது வரை உலகில் அதிக உயிர்களைப் பறிப்பது அதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளுக்கு வண்டியின் வேகத்தைக் கணிக்க வராது. அதனால்தான் வயதையும் சாலையையும் பார்த்து, படிப்படியாக என்கிறேன். 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 5-வது பிரிவும், குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டுவதைத்தான் பெற்றோரின் பொறுப்பு என்கிறது.

"உன் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்தான் புரியும்" என்று எழுதியவருக்குப் பதில் இல்லை. அது சாபம்.

இன்னொன்று. அத்தனை பின்னூட்டங்களிலும் அம்மாவைத்தான் திட்டியிருக்கிறீர்கள். அப்பா எங்கே என்று நான் பார்த்தவரை ஒருவரும் கேட்கவில்லை. அனுப்பினால் பொறுப்பில்லாதவள். கூடவே போனால் பிள்ளையைக் கோழையாக்குகிறவள். அவள் என்னதான் செய்ய வேண்டும்? அந்த அம்மாவின் நடத்தை வரைக்கும் பேசியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருந்தவர்களும் உண்டு. அவர்களை நீக்கிவிட்டேன். விளக்கம் சொல்ல உள்பெட்டிக்கு வர வேண்டாம்.