கேப்டன் சொதப்பினால் வைஸ் கேப்டன் வரமாட்டார்

"கேப்டன் சொதப்பினால் இரட்டைப் புள்ளி வைஸ் கேப்டனுக்குப் போய்விடும், கவலை வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பிரீமியர் லீக் ஃபேன்டசியில் (இங்கிலாந்து கால்பந்து லீக் வீரர்களை வைத்து நாமே அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி வாங்கும் இணைய விளையாட்டு; கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும்) அப்படி இல்லை நண்பரே. கேப்டன் அந்த வாரம் ஒரு நிமிடம்கூட ஆடாமல் இருந்தால்தான் மாறும். 89-வது நிமிடத்தில் இறங்கி 1 புள்ளி வாங்கினால் உங்களுக்கு வருவது 2, அவ்வளவுதான். (வயிறெரிந்த அனுபவம் எனக்கும் உண்டு.)

பெஞ்சில் இருக்கும் மாற்று வீரர்களுக்கும் இதே கதைதான்: அணியில் ஒருவர் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால்தான் உள்ளே வருவார்கள். அதிலும் குறைந்தபட்சமான 3 டிஃபெண்டர்களை மட்டும் இறக்கி, அதில் ஒருவர் ஆடாமல் போனால், பெஞ்சில் முதலாவதாக வைத்த மிட்ஃபீல்டரைத் தாண்டி அங்கிருக்கும் டிஃபெண்டர்தான் உள்ளே வருவார். ஆகவே, காயத்தால் சந்தேகத்தில் இருப்பவரைவிட கடைசி 5 நிமிடம் தலைகாட்டுபவர்தான் ஆபத்து.